சுத்துற வீட்டுல எடை எப்படி வரும்? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு பதில்ல, விண்வெளியில எடை வேணும்னா வீட்டையே சுத்த விடணும்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாசம் இத்தனை கடிதம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்ங்கறதால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே கொடுத்துட்டேன்.

சார், ஸ்பேஸ் ஸ்டேஷன்ல ஈர்ப்பு விசையே இல்லைங்கறாங்க. அதை ராட்டினம் மாதிரி சுத்த விட்டா எல்லாரும் நம்மள மாதிரி நடக்கலாமே, இத்தனை வருஷமா ஏன் யாரும் செய்யல?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

முதல்ல ஒண்ணைச் சரி பண்ணிக்குவோம் தம்பி, அங்க ஈர்ப்பு இருக்கு. நிலையம் பறக்குறது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல, பூமியோட ஆரமே கிட்டத்தட்ட 6,400 கிலோமீட்டர்ங்கறப்ப அது ஒரு பெரிய தூரமே இல்ல, இங்க இருக்குற ஈர்ப்புல 90 சதவீதம் அங்கயும் இருக்கு. ஆனா நிலையமும் உள்ள இருக்கிறவங்களும் ஒண்ணாவே பூமியைப் பாத்து விழுந்துக்கிட்டே இருக்காங்க, மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்துல பக்கவாட்டுலயும் போறதால விழ விழ கீழ பூமியும் வளைஞ்சு விலகிடுது, தரை வந்து சேரவே மாட்டேங்குது. நமக்கு எடைன்னு உடம்புல தெரியறது என்னன்னா, தரை நம்ம கால்ல முட்டி மேல தள்ளுது பாருங்க, அந்தத் தள்ளு. கூடவே விழுற தரை யாரையும் தள்ளாது, அதான் மிதக்குறாங்க.

அந்தத் தள்ளை வேற வழியில வாங்குறதுதான் சுத்துற வேலை. தூக்குவாளியில பாதி தண்ணி எடுத்துக்கிட்டு கையை நீட்டி தலைக்கு மேலயும் கீழயும் சுத்திப் பாத்திருப்பீங்க, தண்ணி கொட்டாது. தண்ணி நேரா ஓடிப் போகத்தான் பாக்குது, வாளியோட அடி அதை விடாம உள்பக்கமா திருப்பிக்கிட்டே இருக்கு, அந்த அடிதான் தண்ணிக்குத் தரை. ஒரு பெரிய சக்கரம் செஞ்சு அதோட விளிம்பு உள்பக்கத்துல ஆளுங்களை நிக்க வெச்சா இதே கதைதான், வெளிப்பக்கம் அவங்களுக்குக் கீழே, சக்கரத்தோட நடு மையம் அவங்களுக்கு வானம்.

இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு. கை நீளமும் வாளியும் சேர்ந்து 1 மீட்டர்னு வெச்சுக்குங்க, 2 செகண்டுக்கு ஒரு சுத்து, அதாவது நிமிஷத்துக்கு 30 சுத்து சுத்துனா வாளிக்குள்ள வர்ற செயற்கை ஈர்ப்பு கிட்டத்தட்ட அச்சு அசலா நம்ம பூமியோடது. இப்ப வேகத்தைப் பாதியாக்கி அதே எடை வேணும்னா ஆரத்தை 4 மடங்காக்கணும். 30 சுத்துக்கு 1 மீட்டர், 15 சுத்துக்கு 4 மீட்டர், ஏழரை சுத்துக்கு 16 மீட்டர், 4 சுத்துக்குக் கொஞ்சம் கம்மின்னா 64 மீட்டர், 2 சுத்துக்குக் கொஞ்சம் கம்மின்னா 256 மீட்டர். மனுஷன் வசதியா வாழ அந்தக் கடைசி சக்கரம் வேணும், அதோட விட்டமே அரை கிலோமீட்டர் தாண்டிடுது. இப்ப மேல இருக்குற நிலையம் முனைக்கு முனை 109 மீட்டர்தான், அதையும் சூரியப் பலகைங்களை நீட்டிக்கிட்டு, கப்பல்ங்க வந்து ஒட்டிக்கிட்டுப் போற மாதிரி கட்டியிருக்காங்க, சுத்துனா அந்த இணைப்புங்க தாங்காது. அதுவுமில்லாம அந்த நிலையத்தைக் கட்டுனதே எடை இல்லாத நிலையில ஆராய்ச்சி பண்ணத்தான், அதைச் சுத்த விட்டா அது செய்யற வேலையே போயிடும். சுத்துறதுக்குன்னு தனியாத்தான் ஒண்ணு கட்டணும்.

அவ்வளவு பெருசு எதுக்கு? சின்னதா ஒரு ரூம் அளவுக்குக் கட்டி வேகமா சுத்தலாமே. நாலு பேர்தானே போறாங்க.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியிலதான் விஷயமே இருக்கும்மா. எடை வந்துடும், ஆனா மத்ததெல்லாம் மாறிடும்.

காபி ஆத்துறதை எடுத்துக்குங்க. மேல் கையில டம்ளர், கீழ் கையில டபரா, நடுவுல 60 சென்டிமீட்டர். 16 மீட்டர் ஆரம் உள்ள சக்கரத்துல நின்னுக்கிட்டு நீங்க ஆத்துனா காபி நேரா கீழ வராது, சக்கரம் சுத்துற திசைக்கு எதிர்ப்பக்கமா வளைஞ்சு கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் தள்ளி விழும், டபரா அதோட அகலத்தைத் தாண்டி நகந்திருக்கணும். ஏன்னா டம்ளரை விட்டு வந்த காபியை யாரும் இழுக்கல, அது நேர்கோட்டுல போகுது, அதுக்குள்ள டபரா வட்டத்துல நகந்துடுது. டம்ளர் மையத்துக்கு ஒரு துளி கிட்ட இருக்கறதால அதோட வேகமும் டபராவை விடக் கம்மி, அதனால காபி பின்தங்கிடுது. இடுப்பு உயரத்துல இருந்து, 1.2 மீட்டர்னு வெச்சுக்குங்க, சாவிக்கொத்து ஒண்ணு கை நழுவுனா 34 சென்டிமீட்டர் தள்ளி விழும். இதே 256 மீட்டர் சக்கரத்துல காபி 3 சென்டிமீட்டர் கூட விலகாது, சாவி 8 சென்டிமீட்டர்தான், ரெண்டு நாள்ல கை பழகிடும். 4 மீட்டர் ஆரம்னா சாவி முக்கால் மீட்டருக்கும் மேல தள்ளிப் போகும், அதோட கால்ல முழு எடை இருக்குறப்ப தலை கிட்ட பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும், ஒரே உடம்புல ரெண்டு கிரகம்.

கைகூடப் பழகிடும், காதுதான் பிரச்சனை. உள்காதுல திரவம் நெறஞ்ச மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு மூளைக்குச் சொல்றது அதுங்கதான். சுத்துற ரூம்ல சும்மா நேரா உக்காந்திருந்தா அதுங்க அமைதியாயிடும். சட்டுன்னு தலையைத் தோள் பக்கம் சாய்ச்சீங்கன்னா ஒரு குழாய் சுத்துற தளத்தை விட்டு வெளிய வரும், இன்னொண்ணு உள்ள போகும், மூளைக்கு வர்ற சேதி நீ குப்புற உருள்றேங்கறது, கண்ணு அதெல்லாம் இல்லைங்குது, ரெண்டுக்கும் நடுவுல வயிறு பொரட்டும்.

இதை ஊகமா சொல்லல. அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்து பென்சகோலாவுல கடற்படை ஆய்வுக்கூடத்துல ஆஷ்டன் கிரேபியல்னு ஒரு டாக்டர் 1950கள் கடைசியிலயே சுமார் 15 அடி விட்டத்துல ஒரு வட்ட ரூமைக் கட்டி மெதுவா சுத்த விட்டு உள்ள ஆளுங்களை நாள்கணக்குல குடியிருக்க வெச்சுப் பாத்தாரு, சாப்பாடு தூக்கம் எல்லாம் உள்ளதான். நிமிஷத்துக்கு 1 சுத்துன்னா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, 3 சுத்துல சிலருக்குக் கஷ்டம், அப்புறம் பழகிடுச்சு, அதுக்கு மேல எடுத்த எடுப்புல போனப்ப ரொம்பப் பேரு படுத்துட்டாங்க. ஆனா நாள் விட்டு நாள் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தை ஏத்துனப்ப 10 சுத்து வரைக்கும் கூட ஆளுங்க பழகிக்கிட்டாங்க. இந்தக் கடைசி விஷயத்துக்கு இன்னும் மதிப்பு கொடுக்கணும்னு நான் நெனைக்கறேன். அரை கிலோமீட்டர் சக்கரம் இல்லாட்டி ஒண்ணுமே நடக்காதுன்னு எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல, 4 சுத்துக்குப் பழகுன ஆளுங்க இருந்தா 56 மீட்டர் ஆரம் போதும்.

எனக்கு ஒண்டு விளங்கேல்ல. எப்பவும் சுத்திக்கொண்டே இருக்கவேணும் எண்டால் எவ்வளவு எரிபொருள் வேணும்? அது கட்டுப்படியாகுமே?
– யாழ்ப்பாணத்து வாசகர்

எரிபொருள் ஆரம்பிக்கறப்ப மட்டும்தான் ஐயா. வெளிய காத்து இல்ல, உரசல் இல்ல, ஒரு தடவை சுத்த விட்டா யாராவது நிறுத்துற வரைக்கும் சுத்தும். உள்ள ஆளுங்க நடமாடுறதால, சாமான் நகர்றதால சக்கரம் லேசா ஆட்டம் போடும், அதைச் சரி பண்ண குழாய் வழியா தண்ணியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தி வெச்சாலே போதும்.

கணக்கெல்லாம் சரி, நெசமாவே விண்வெளியில யாராச்சும் சுத்திப் பாத்திருக்காங்களா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பாத்திருக்காங்க சார், அந்தக் கதையை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அலுக்காது.

1966 செப்டம்பர், அமெரிக்காவோட ஜெமினி 11 விண்கலம். உள்ள பீட் கான்ராட், ரிச்சர்ட் கோர்டன்னு ரெண்டு பேரு. அஜேனான்னு ஆளில்லாத இன்னொரு கலத்தோட போய் ஒட்டிக்கிட்டாங்க, கோர்டன் வெளிய வந்து 30 மீட்டர் நீளக் கயித்தை எடுத்து ரெண்டு கலத்தையும் சேர்த்துக் கட்டணும். பயிற்சி பண்ணப்ப சுலபமா வந்த வேலைதான், ஆனா அங்க கால் ஊன்ற எதுவும் இல்ல, கயித்தை மாட்டப் போனா உடம்பு எதிர்ப்பக்கம் போகுது, கலத்தோட மூக்குல குதிரை மேல உக்கார்ற மாதிரி ரெண்டு பக்கமும் காலைப் போட்டுக்கிட்டு மூச்சு வாங்க வாங்கக் கட்டி முடிச்சாரு. வேர்வை கண்ணுக்குள்ள இறங்கி பார்வையே மறைஞ்சுடுச்சு, தொடைக்கவும் முடியாது, ஹெல்மெட் போட்டிருக்காரே, கிட்டத்தட்ட 2 மணி நேரத்துக்குத் திட்டம் போட்டிருந்த விண்வெளி நடையை அரை மணி நேரத்துலயே முடிச்சுக்கிட்டு உள்ள வந்துட்டாரு.

மறுநாள் ரெண்டு கலத்தையும் பிரிச்சு கயித்தை இழுத்துப் பாத்தா அது விறைப்பா நிக்கவே மாட்டேங்குது, ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஆடுது. கான்ராட் பொறுமையா எஞ்சினை விட்டு விட்டுத் தட்டி ரெண்டையும் சுத்த வெச்சாரு. கடைசியில வந்த வேகம் நிமிஷத்துக்கு 55 டிகிரி, அதாவது ஒரு முழு சுத்துக்கு ஆறரை நிமிஷம். கெடைச்ச ஈர்ப்பு நம்மளோடதுல பத்தாயிரத்துல ஒண்ணரை பங்கு, உடம்புக்கு ஒண்ணுமே தெரியல. ஆனா முன்னாடி இருந்த கருவிப் பலகை பக்கத்துல ஒரு கேமராவை வெச்சுக் கையை எடுத்துப் பாத்தாங்க, அது மிதந்து நிக்காம மெதுவா நேரா கலத்தோட பின்பக்கமா போச்சு. மனுஷன் விண்வெளியில சுத்தி வரவழைச்ச முதல் எடை அந்தக் கேமராவுக்குத்தான் வந்துச்சு.

அதே கான்ராட் 1973ல ஸ்கைலாப் நிலையத்துக்கு முதல் குழுவோட தலைவரா போனாரு. உள்ள ஆறரை மீட்டர் விட்டத்துல பெரிய உருளை, சுவர் ஓரமா வட்டமா தண்ணித் தொட்டிங்க இருந்துச்சு, அது மேலயே மூணு பேரும் ஓட ஆரம்பிச்சுட்டாங்க. நிலையம் சுத்தல, ஆளு சுத்துறாரு, கணக்கு அதேதான். செகண்டுக்கு 4 மீட்டர் வேகம் வந்துட்டா காலுக்குப் பூமியில பாதி எடை வந்துடும். ஓட்டத்தை நிறுத்துனா எடையும் நின்னுடும், மறுபடி மிதக்க வேண்டியதுதான். அந்த ஃபிலிம் இன்னிக்கும் இருக்கு, பாத்தீங்கன்னா மூணு பேரு மூஞ்சியிலயும் ஸ்கூல் கிரவுண்டுல ஓடுற சந்தோஷம் தெரியும்.

எலிங்களையும் சுத்தியிருக்காங்க. 1977ல சோவியத்காரங்க காஸ்மாஸ் 936ன்னு ஒரு செயற்கைக்கோள்ல சுத்துற இயந்திரத்துல எலிங்களை 18 நாளுக்கும் மேல வெச்சிருந்தாங்க. 2016ல ஜப்பான் விண்வெளி நிறுவனம் ஸ்டேஷன்ல இருக்குற அவங்க கிபோ ஆய்வுக்கூடத்துல 12 சுண்டெலியை 35 நாள் வெச்சாங்க, 6 மிதந்துச்சு, 6 சுத்துற பெட்டியில பூமி எடையோட இருந்துச்சு. எல்லாமே ஒரே பயணம், ஒரே சாப்பாடு, ஒரே கதிர்வீச்சு, வித்தியாசம் எடை மட்டும்தான். மிதந்ததுங்களுக்கு எலும்பும் தசையும் கரைஞ்சிருந்துச்சு, சுத்துனதுங்களுக்கு அப்படியே இருந்துச்சு. அப்புறம் நிலாவோட எடைக்கு, அதாவது ஆறுல ஒரு பங்குக்கு சுத்திப் பாத்தாங்க, தசை சுருங்கறது நின்னுச்சு, ஆனா தசை நாரோட வகை மாறிப்போறது நிக்கல. நிலாவுல வீடு கட்டப் போறோம்னு பேசுற எல்லாரும் இந்த ஒரு முடிவைப் பத்திப் பேசணும்.

இதுல எனக்கு மனசு கஷ்டமான ஒரு விஷயமும் இருக்கு. ஸ்டேஷனுக்குன்னே ஒரு தனிக் கூடம் கட்டுனாங்க, உள்ள 2.5 மீட்டர் விட்டத்துல சுத்துற இயந்திரம், நூத்துல ஒரு பங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் எந்த ஈர்ப்பு வேணுமோ அதை வெச்சு வருஷக்கணக்குல உயிர்ங்களை வளர்த்துப் பாக்கலாம். ஜப்பான் அதைக் கட்டிக்கிட்டு இருக்கறப்பவே, 2005ல, நாசா பணத்தட்டுப்பாட்டுல ரத்து பண்ணிடுச்சு. அந்தக் கூடம் இப்ப ட்சுகுபா நகரத்து விண்வெளி மையத்துல வெளிய வெயில்லயும் மழையிலயும் காட்சிப்பொருளா நிக்குது. பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு உயிருக்கு எவ்வளவு எடை போதும்ங்கற கேள்விக்கு 20 வருஷம் முன்னாடியே பதில் தேட ஆரம்பிச்சிருக்கலாம்.

சுனிதா வில்லியம்ஸ் 9 மாசம் இருந்துட்டு வந்தப்ப ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போனாங்க. நான் ஃபிசியோதெரபிஸ்ட், அங்க அவங்க எக்சர்சைஸ் பண்றாங்கன்னு தெரியும். தினம் கொஞ்ச நேரம் மட்டும் சுத்துனா போதாதா?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

உங்களுக்குத் தெரியாததில்ல மேடம், ஸ்ட்ரெச்சர் ஒரு முன்னெச்சரிக்கை, நீண்ட நாள் இருந்துட்டு வர்ற எல்லாருக்கும் வழக்கமா செய்யறதுதான். சரியா உடற்பயிற்சி பண்ணலன்னா இடுப்பெலும்புல மாசத்துக்கு 1ல இருந்து 1.5 சதவீதம் வரைக்கும் கரையும். அதனாலதான் தினம் 2 மணி நேரத்துக்கு மேல பட்டை கட்டி டிரெட்மில்லு, வெற்றிட உருளையை இழுக்குற பளு இயந்திரம்னு செய்யறாங்க, எலும்புக்கு அது நல்லாவே உதவுது. ஆனா கண்ணுக்கு உதவல. எடை இல்லாததால ரத்தமும் நீரும் கீழ இறங்காம தலைப்பக்கமே தங்கிடுது, பார்வை நரம்பு உள்ள போற இடம் வீங்கி சிலருக்குக் கண்ணாடி பவரே மாறிடுது.

நீங்க கேட்டதை 2019ல ஜெர்மனியில கொலோன் நகரத்துல பரிசோதிச்சாங்க, ஜெர்மன் விண்வெளி மையம், நாசா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் மூணும் சேர்ந்து. 24 பேரு, 60 நாள், தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டில்ல படுத்தபடியே, சாப்பாடு குளியல் எல்லாம் அப்படியேதான், எந்திரிக்கவே கூடாது. அதுல மூணுல ரெண்டு பங்கு பேரை தினம் 30 நிமிஷம் மட்டும் ஆரம் கம்மியான ஒரு சுத்துற இயந்திரத்துல படுக்க வெச்சு சுத்துனாங்க. பார்வை நரம்பு வீக்கத்தை அந்த 30 நிமிஷத்தால தடுக்க முடியல. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், அதுல உடற்பயிற்சியும் சேர்த்துப் பண்ணா என்ன ஆகும்னு இன்னும் நல்லாப் பாக்கணும். என் அபிப்பிராயம், மருந்து மாதிரி அரை மணி கொடுக்குறதை விட தூங்குற 8 மணி நேரத்தையும் சுத்துற இடத்துல வெச்சுப் பாக்கறதுதான் அடுத்த படியா இருக்கணும், படுத்திருக்கறப்ப தலையைத் திருப்புறதும் கம்மி, காதுக்கும் தொந்தரவு கம்மி.

பத்தாயிரம் பேர் குடியிருக்கிற சக்கர நகரம் படம் ஒண்ணு பாத்தேன். அது வருமா?
– ஐடி ஊழியர், சென்னை

நீங்க பாத்தது 1975ல நாசாவோட ஏம்ஸ் மையமும் ஸ்டான்ஃபோர்டும் நடத்துன கோடைக்கால ஆய்வுல வந்த வடிவம். 1.8 கிலோமீட்டர் விட்டம், நிமிஷத்துக்கு 1 சுத்து, 10,000 பேரு. அதுல பெரும்பாலான எடை கதிர்வீச்சைத் தடுக்குற மண்ணுதான், நிலாவுல வெட்டி எடுத்துக் கொண்டு வரணும். நம்ம காலத்துல வராது. அதுக்கும் முன்னாடி 1929லயே ஹெர்மன் பொடோச்னிக்னு ஒரு பொறியாளர் 30 மீட்டர் சக்கரம் ஒண்ணை வரைஞ்சு வெச்சிருக்காரு, காதுக்கு அது ரொம்பச் சின்னது. நான் எதிர்பாக்கறது ஜெமினி வழிதான், ஒரு முனையில ஆளுங்க இருக்குற கலம், இன்னொரு முனையில காலியான ராக்கெட் பகுதி, நடுவுல சில நூறு மீட்டர் கயிறு. சக்கரம் முழுசா கட்ட வேண்டியதில்ல, ரெண்டு முனை இருந்தா போதும்.

சார், நான் ஒன்பதாவது படிக்கிறேன். சயின்ஸ் எக்சிபிஷனுக்கு இதை வெச்சு ஏதாச்சும் செய்யணும். செலவு கம்மியா சொல்லுங்க.
– மாணவி, தேனி

கண்ணு, 1806ல இங்கிலாந்துல தாமஸ் ஆண்ட்ரூ நைட்னு ஒருத்தர் தன் தோட்டத்து ஓடையில ஒரு சின்ன தண்ணிச் சக்கரம் வெச்சு, அதோட விளிம்புல முளைக்கப் போற அவரை விதைங்களைக் கட்டி விட்டாரு. நிமிஷத்துக்கு 150 சுத்து. முளைச்ச வேர் எல்லாம் வெளிப்பக்கம் பாத்துப் போச்சு, குருத்து எல்லாம் மையத்தைப் பாத்து வந்துச்சு. சக்கரத்தைப் படுக்க வெச்சு 80 சுத்துக்குக் கொறைச்சப்ப வேருங்க பூமிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல சரியா 45 டிகிரி சாஞ்சு நின்னுச்சு.

நீ அதையே செய். நிமிஷத்துக்கு 100 சுத்து சுத்துற கியர் மோட்டார் ஒண்ணு, ரோபோ சாமான் விக்கிற கடையில கெடைக்கும். அது மேல வட்டமா ஒரு பிளாஸ்டிக் மூடியைப் படுக்கை வசத்துல ஒட்டு, மையத்துல இருந்து 9 சென்டிமீட்டர் தள்ளி ஈரப்பஞ்சுல பாசிப்பயறு வெச்சு, காத்து அடிச்சுக் காயாம மேல இன்னொரு மூடியால மூடிடு. அந்த 9 சென்டிமீட்டர்ல வர்ற ஈர்ப்பு பூமியோடதுக்குச் சமம். ராத்திரி பகல் நிறுத்தாம மூணு நாள் ஓடணும், பஞ்சை நனைக்க மட்டும் நிறுத்து. பக்கத்துலயே சுத்தாத மூடி ஒண்ணுல அதே பயறு வை. நான் வீட்டுல செஞ்சப்ப முதல் தடவை பஞ்சு காஞ்சு போச்சு, ரெண்டாவது தடவை மூணாம் நாள் காலையில திறந்தா, சுத்தாத மூடியில வேர் நேரா கீழ, சுத்துன மூடியில அத்தனை வெள்ளை வேரும் சாய்வா வெளிப்பக்கம் பாத்து, எல்லாம் ஒரே கோணத்துல. கோணமானி வெச்சு அளந்து, எத்தனை டிகிரி வந்துச்சுன்னு எனக்கு எழுது.